துவக்கு லைசென்ஸ் கேட்டவனின் அம்மா

தம்பி,

நீ விமானம் ஏறி இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். கனடாவுக்குப் போகிற அவசரத்தில் குசினி மேசையில் ஒரு புத்தகத்தை மறந்துவிட்டுப் போய்விட்டாய். வேட்டைக்காரர்களுக்கென்று உன் புது மாகாணத்து அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்கிற விதிப் புத்தகம். அதை நான் முழுவதும் வாசித்து முடித்துவிட்டேன். சிரிக்காதே. உன் பழைய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆற ஆற, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கமாக வாசித்தேன். உன் அப்பா பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து, "என்னப்பா, சோதனை எடுக்கப் போறீரோ?" என்று கேட்டார். "ஓம், எடுத்தால் உங்களை விடக் கூடப் புள்ளி எடுப்பன்" என்று சொன்னேன். மனுசன் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்.

உண்மையில் நல்ல புத்தகம் அது. ஒரு லைசென்சுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு மிருகம். மூஸ் என்கிற, எங்கள் மரையை விட மூன்று மடங்கு பெரிய அந்த மான்சாதியைச் சுட்டவன், அதை ஓர் அடி நகர்த்த முன்னமே சீட்டில் மாதத்தையும் திகதியையும் வெட்டி அடையாளம் வைத்து அதன் உடம்பில் கட்டிவிட வேண்டும். தன் சீட்டை இன்னொருவனுக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொருவன் சுட்டதற்குத் தன் சீட்டைக் கட்டவும் கூடாது. ஆணா பெண்ணா என்று காட்டுகிற அடையாளத்தை இறைச்சியிலிருந்து வெட்டி எறியக் கூடாது. வீடு திரும்பும் வழியில் சோதனைச் சாவடி இருந்தால் வண்டியை நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சாவடியில் நிற்கப் போகிறவன் என் மகன். இதையெல்லாம் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "காட்டுக்குள்ளை ஆரப்பா பாக்கப் போறான்? வன்னியிலை எண்டால் மரை சுட்டவன், கேள்வி கேக்க வந்தவனுக்கும் ஒரு பங்கு இறைச்சி கட்டிக் குடுத்து அனுப்பிப்போடுவான்" என்றார். அதுதானே விசயம். யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் குனிந்து சீட்டைக் கட்டுவான் என்று நம்பி ஓர் அரசாங்கம் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அப்படிக் கட்டக்கூடிய ஒருவனை எனக்குத் தெரியும். அவனைப் பற்றி அவனுக்கே எழுத வேண்டும் போல் இருந்தது. வாயால் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் நீ "சும்மா இருங்கோ அம்மா" என்று எழும்பிப் போய்விடுவாய். கடிதத்தை விட்டு எழும்பிப் போக ஏலாது.

கணக்காளர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் சோற்றுக் கோப்பையோடு, "அம்மா, எனக்கு மான் பாக்கிற வேலை கிடைச்சிருக்கு" என்று நீ சொன்னாயே, அன்றைக்கு லண்டனில் இந்த வோல்தம்ஸ்டோ வீட்டில் செத்த வீடுதான். லண்டனுக்குத் தெற்கே ஒரு தனியார் காடு, அதில் வார்டனுக்கு உதவியாள், ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றாய். உன் அப்பா எழும்பி நின்றுவிட்டார். "ஊரிலை படிக்காத பெடியளை மாடு மேய்க்கப் போ எண்டு பேசுவம். இவன் லண்டனுக்கு வந்து படிச்சுப்போட்டு மான் மேய்க்கப் போறானாம்!" நான் பூசைக்குப் போன இடத்தில் மூன்று கிழமை அழுதேன். யாரும் கேட்டால், "மகன் எஸ்டேட் மனேஜ்மென்ட்" என்று சொன்னேன். கேட்டவர்கள் வீடு வளவு விற்கிற வேலை என்று நினைத்துத் தலையாட்டினார்கள். நானும் திருத்தவில்லை. பொய் சொல்வது எனக்கு எப்போதும் கைவந்த விசயம் என்பதை நீ இந்தக் கடிதத்தில் போகப் போகக் காண்பாய்.

என்ன வேலை என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். இந்த நாட்டுக் காட்டில் ஓநாயும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான் பெருகிக்கொண்டே போகும். கன்று மரங்களைத் தின்றுவிடும், பிறகு குளிருக்குள் தின்ன ஒன்றும் இல்லாமல் எலும்பும் தோலுமாகச் சாகும். ஆகவே ஒவ்வொரு வருடமும் எண்ணுகிறோம், வேலி கட்டுகிறோம், கணக்கு வைக்கிறோம் என்றாய். எண்ணிய பிறகு, கூடுதலானவற்றைச் சுடவும் வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அதற்காகத் துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்றும் சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவா, லைசென்ஸ் கையில் கிடைத்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாய். அது உன் பிழை. இந்தக் கடிதத்தில் உன் பிழை என்று நான் எழுதப் போவது இது ஒன்றுதான், ஆனபடியால் இதை இரண்டு தரம் வாசி.

ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் மீன் பொரித்துக்கொண்டு நிற்கிறேன். கதவு தட்டுப்பட்டது. திறந்தால் பொலிஸ். முழுச் சீருடை, கையில் ஒரு கோப்பு. உன் முழுப் பெயரையும், எங்கள் பெயர்களை இந்த நாட்டில் ஒருவரும் சொல்லாத அளவுக்கு ஒழுங்காகச் சொல்லி, இவர் இங்கேதான் வசிக்கிறாரா, ஒரு துவக்கு விசயமாக வந்திருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். எனக்கு இரண்டே இரண்டு சொல்தான் கேட்டது, உன் பெயரும் துவக்கும். "நோ" என்றேன். "உங்கள் மகன்தானே?" என்றார். "நோ சன்" என்றேன். வேறு பிள்ளைகள் யாரும் இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். "நோ சில்ரன்" என்றேன். அந்த மனுசன் குனிந்து பார்த்தார். கதவடியில் உன் சேறு பிடித்த காட்டுச் சப்பாத்து, இரண்டு தோணி மாதிரிக் கிடக்கிறது. "ஹஸ்பண்ட்" என்றேன். உன் அப்பாவின் கால் பள்ளிக்கூடப் பிள்ளையின் கால் என்று உனக்குத் தெரியும். அவர் கோப்பில் எழுதினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைப் பூட்டி, சங்கிலியையும் போட்டு, அதில் சாய்ந்துகொண்டு நின்றேன். மீன் கருகிப் புகை வந்த பிறகுதான் குசினிக்குப் போனேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வேறு யாருக்கும் விளங்கப்படுத்தலாம், உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் உனக்குப் பதினைந்து வயது. அப்பா முதலே லண்டனுக்கு வந்துவிட்டார், நானும் நீயும் தனிய. விடியக்காலை ஒழுங்கையை ஆமி வளைத்துவிட்டது. உன்னை ஆட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குக் கீழே கிடத்திவிட்டு வந்து முற்றத்தில் நின்றேன். தமிழ் தெரிந்த ஒருவனைக் கொண்டு கேட்பித்தார்கள், ஆம்பிளைப் பிள்ளை இருக்கிறதா, எத்தனை வயது என்று. "எனக்குப் பிள்ளையே இல்லை ஐயா, நான் மலடி" என்றேன். பெற்ற வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த வீடுகளில் மூன்று பெடியன்களை ஏற்றினார்கள். அந்தத் தாய்மாருக்கு அந்த நேரத்தில் அந்தச் சொல் வாயில் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றையிலிருந்து சீருடை வந்து மகன் எங்கே என்று கேட்டால் மகன் இல்லை என்பது எனக்குச் செபம் மாதிரிப் பாடமாகிவிட்டது. லண்டன் பொலிசுக்கும் அதையே ஒப்புவித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து உனக்குக் கடிதம் வந்தது. நின்றபடியே வாசித்தாய். கொடுத்த முகவரியில் விண்ணப்பதாரர் வசிப்பதாகத் தெரியவில்லை, விண்ணப்பத்தில் பொய்த் தகவல் எழுதுவது குற்றம், விளக்கம் இருந்தால் தெரிவிக்கவும். அப்போதுதான் நீ எனக்கு எல்லாவற்றையும் சொன்னாய். கார்த்திகை முதலாம் திகதி பெண்மான் சுடுகிற பருவம் தொடங்குகிறது, அன்றைக்கு லைசென்சோடு நிற்கிற ஆள்தான் வார்டனுக்குத் தேவை, இல்லாவிட்டால் வேலை இல்லை. இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. "அம்மா, இஞ்சை ஆரும் வந்து விசாரிச்சவையோ?" என்று கேட்டாய். கறியைத் துழாவிக்கொண்டே, "இல்லையே ராசா, ஒருத்தரும் வரேல்லை" என்றேன். மூன்று நாள் அப்படியே விட்டேன். நீ விண்ணப்பத்தின் பிரதியை மேசையில் விரித்து, வீட்டு இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேனோ என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாய். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு மெய்யாகவே சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு இருக்கும்போது கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எடேய் தம்பி, வந்தவன். நான்தான் மகன் இல்லை எண்டு சொன்னனான்" என்றேன்.

நீ ஏசுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். உன் கோப்பையைக் கழுவி வைத்தாய், கையைத் துடைத்தாய், என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாய். "அண்டைக்கு ஆட்டுக்கொட்டிலுக்குள்ளை எனக்கு எல்லாம் கேட்டது அம்மா. நீங்கள் மலடி எண்டு சொன்னதும் கேட்டது" என்றாய். என் மாதாவே! எட்டு வருடம் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு இருந்திருக்கிறாய். நான் அழுத அழுகைக்கு உன் அப்பா மாடியிலிருந்து ஓடி வந்தார்.

அவரிடமும் சொன்னோம். அவர் ஆம்பிளை, உடனே வழி கண்டுபிடித்துவிட்டார். "இதுக்கேன் அழுறீர்? சவுத்தாலிலை என்ரை சிநேகிதன் இருக்கிறான். அவன்ரை அட்ரசைப் போட்டுப் புது ஃபோர்ம் நிரப்பினால் முடிஞ்சுது" என்றார். நீ தலையை ஆட்டினாய். அப்போது என் மூளையும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, கேட்டது விளங்கேல்லை எண்டு சொல்லிவிடு தம்பி" என்றேன். எங்கள் சனம் இந்த நாட்டில் எந்தக் கந்தோரிலும் கடைசியாக ஓடிப்போய் நுழைகிற கதவு அது. நீ என்னைப் பார்த்து, "உங்களுக்கு விளங்கினது தானே அம்மா?" என்று கேட்டாய்.

அப்படியென்றால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கலாம்தானே என்று யாரும் கேட்பார்கள். அந்த நேரம் எங்கள் மூவருடைய கோப்பும் குரோய்டனில், குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. நிரந்தரமாக இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று வருடக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். பொலிசுக்கே பொய் சொன்னவள் என்று ஒரு வரி அந்தக் கோப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நீ அன்றைக்குச் சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நான் பொய் எழுத மாட்டன். அங்கை ஒவ்வொரு மானுக்கும் சீட்டு எழுதிக் கட்டுறது நான்தான். முதல் ஃபோர்மிலேயே பொய் எழுதினால் பிறகு அந்தச் சீட்டுக்கு என்ன பெறுமதி? ஆனால் உங்களைக் காட்டிக் குடுக்கவும் மாட்டன். நீங்கள் பொலிசுக்கு வரவும் வேண்டாம். வேலை போனால் போகட்டும், வேறை பாப்பம்." இப்படிச் சொல்லிவிட்டு, விளக்கக் கடிதம் எழுத எடுத்த கடதாசியை மடித்து அலுமாரிக்குள் வைத்தாய். எவ்வளவு ஆசையாக எடுத்த வேலை அது! விடிய நாலு மணிக்கு எழும்பி அந்தப் பழைய காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போவாய். அதை எனக்காக விட்டுவிடப் போகிறாய், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். இருபத்திமூன்று வயதில் உன் அப்பாவுக்கும் அந்தக் குணம் இருக்கவில்லை, எனக்கு இன்றைக்கும் இல்லை. யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

இனி நீ அறியாத பகுதியைச் சொல்கிறேன். பொலிஸ் நிலையத்துக்கு நான் தனியப் போனேன் என்பது உனக்குத் தெரியும். போனேன், சொன்னேன், வந்தேன் என்று மூன்று சொல்லில் உனக்குச் சொல்லி முடித்துவிட்டேன். நடந்தது அவ்வளவு இல்லை. கலியாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைச் சீலையைக் கட்டி, மேலே கோட்டைப் போட்டு, தாலிக்கொடியைக் கழற்றி அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு வெளிக்கிட்டேன். தோளில் ஒரு பை. பொலிஸ் நிலையத்தில் என் முறை வந்ததும் அந்த மனுசனின் பெயரைச் சொல்லத் தெரியாமல், "கன்... கன் லைசென்ஸ் போலீஸ்" என்று சொல்ல, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவரே வந்தார். கண்டவுடன் அடையாளம் பிடித்துவிட்டார். ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் இருக்கவில்லை, நின்றபடியே, பஸ்ஸில் வரும்போது நூறு தரம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "ஐ ஹாவ் ஒன் சன். ஐ டோல்ட் லை."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு முதலில் இருங்கள் என்றார். அந்தச் சப்பாத்து உங்கள் கணவருடையது என்று நான் அன்றைக்கே நம்பவில்லை என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். என்னிடம் இருந்த இங்கிலிஷ் எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்கை, ஆமி, ஆட்டுக்கொட்டில், மூன்று பெடியன்கள் என்று சொன்னேன். ஆட்டுக்கு இங்கிலிஷில் என்ன என்று அந்த நேரம் மறந்துபோய், கத்திக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். திறந்து காட்டினேன். ஒரு மாற்றுச் சீலை, துவாய், பல்லுத் தீட்டுகிற பிரஷ், செபமாலை. "எதற்கு?" என்றார். "ஜெயில்" என்றேன். அந்த மனுசன் தானே அதை மூடி என் மடியில் வைத்துவிட்டு, இன்றைக்கு இது தேவைப்படாது என்றார்.

ஆனால் விடவில்லை. உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஆறுதலாக யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்றார். உங்கள் மகனிடம் ஒரு துவக்கைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்து ஏதாவது காரணம் இருக்கிறதா? தம்பி, துவக்கு என்கிற சாமானே இந்த உலகத்தில் இல்லாமல் போக வேண்டும் என்று கேட்டு மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான். துவக்குப் பிடிக்க ஒரு பக்கம் கூப்பிடுவார்கள், துவக்கோடு பிடிக்க மறு பக்கம் வருவார்கள் என்று பயந்துதானே உன்னைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து வந்தேன். கோபக்காரன் என்று ஒரு சொல் போதும். இரவில் நித்திரை கொள்ள மாட்டான், பழசை நினைத்துக் கத்துவான் என்று சொன்னால் போதும். உன் கையில் துவக்கு வரவே வராது, நீ கணக்காளர் படிப்புக்குத் திரும்பிப் போவாய், நான் பயமில்லாமல் இருப்பேன். பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அலுமாரிக்குள் மடித்து வைத்த அந்தக் கடதாசி கண்ணுக்கு முன்னால் நின்றது. "இல்லை சேர். அவன் பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்லுறது நான்" என்றேன். அதை அப்படியே எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவர் திரும்ப வந்து, துவக்கு வைக்கவென்று மாடிப்படிக்குக் கீழே நீ சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரும்புப் பெட்டியை இழுத்து இழுத்துப் பார்த்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்க லைசென்சை அனுப்பிவிட்டார். குரோய்டனிலிருந்தும் ஒரு பூகம்பமும் வரவில்லை. அடுத்த வருடம் மூவருக்கும் நிரந்தர விசா வந்தது. உன் அப்பா நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, தானே போய்க் குரோய்டனை வென்றுவந்த மாதிரிக் கதை சொன்னார்.

நீ என்னை ஒரு நாள் அந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முடியாது. மார்கழி மாதம், பனி மூடின காலை. நான் சீலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, உன் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் இருக்கிறேன். ஒரே ஒரு வெடி. நீ கையைக் காட்டிக் கூப்பிட, தடக்கித் தடக்கி வந்தேன். சின்ன மான், ஆட்டை விடக் கொஞ்சம் உயரம், கொம்பு இல்லை. நீ குனிந்து அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே புல்லில் குந்திவிட்டாய். "என்னடா?" என்றேன். "ஆண் அம்மா" என்றாய். அந்தச் சாதி ஆண்மான் மாரி தொடங்கக் கொம்பை விழுத்திவிடுமாம். பெண்ணுக்கு வாலடியில் ஒரு வெள்ளை மயிர்க் குஞ்சம் இருக்குமாம், அதைப் பார்த்துத்தான் பிரித்து அறிய வேண்டுமாம். பனிக்குள் பக்கவாட்டில் பார்த்துச் சுட்டுவிட்டாய். ஆணைச் சுடுகிற பருவம் ஐப்பசியோடு முடிந்துவிட்டது. இப்போது சுட்டது சட்டப்படி குற்றம்.

நான் திருந்தினேன் என்று நினைத்தாயா? நாய் வாலை நிமிர்த்தவா முடியும்? "பெண் எண்டு எழுதிக் கட்டு தம்பி. வெட்டித் துப்பரவாக்கினால் ஆருக்குத் தெரியும்? இஞ்சை ஆர் பாக்கினம்?" என்று கேட்டேன். நீ சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தாய். குளிருக்குப் பேனை எழுதவில்லை, வாயால் ஊதிச் சூடாக்கினாய். "நீங்கள் பாக்கிறியள்தானே அம்மா" என்று சொல்லிவிட்டு, திகதி, நேரம், இடம் எல்லாம் எழுதி, ஆண் என்று எழுதி, அதன் பின்னங்காலில் கட்டினாய். கத்தியை அதற்குப் பிறகுதான் எடுத்தாய். வார்டனிடம் நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவித்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்தப் பருவம் முடியும் வரை துவக்கை உன்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். தை, மாசி முழுவதும் நீ மழைக்குள் வேலிக்கம்பி இழுத்தாய். விரலெல்லாம் வெடித்து வீட்டுக்கு வருவாய், நான் எண்ணெய் பூசிவிடுவேன். ஒரு நாளாவது அம்மா சொன்னபடி எழுதியிருக்கலாம் என்று நீ சொல்லவில்லை. அந்த வார்டன்தான் இப்போது கனடாக்காரருக்கு உன்னைப் பற்றிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு மனுசி "உம்மடை மகன் என்ன செய்யிறார்?" என்று போன கிழமையும் கேட்டா. "மான் சுடுறவையைப் பிடிக்கிற வேலை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும், எனக்கு விளங்கினது.

நேற்று உன் படம் வந்தது. புதுச் சீருடை, தொப்பி, இடுப்பில் பட்டி, கையில் கோப்பு. உறையைப் பிரித்தவுடன் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க முன்னம் உடுப்பைப் பார்த்துவிட்டேன். "உம்மடை மகனப்பா, பயப்படாதையும்" என்று உன் அப்பா சிரித்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வடிவாக இருக்கிறாய், கொஞ்சம் மெலிந்துவிட்டாய்.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டிய விசயம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சாவடியில் நிற்பது மட்டும் உன் வேலை இல்லை, சீட்டுக் கட்டாத இறைச்சி இருக்கிறது என்று தகவல் வந்தால் வீடுகளுக்கும் போய் விசாரிக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு நாள் நீ ஒரு கதவைத் தட்டுவாய். ஒரு தாய் திறப்பாள். மகனைக் கேட்பாய். உன் முகத்தை அவள் பார்க்க மாட்டாள், உடுப்பைத்தான் பார்ப்பாள். மகன் இல்லை என்பாள். அவள் எந்த நாட்டிலிருந்து வந்தவள், எந்த முற்றத்தில் அதைப் பாடமாக்கினவள் என்று உனக்குத் தெரியாது. சட்டத்தை வளைக்காதே, எழுத வேண்டியதை எழுது, நீ வேறு மாதிரிச் செய்யவும் மாட்டாய். ஆனால் பேனையை எடுக்க முன்னம் அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு.

லண்டனில் சொன்ன பொய்க்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ராசா. இத்தனை வருடம் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். யாழ்ப்பாணத்தில் சொன்ன பொய்க்குக் கேட்க மாட்டேன். நாளைக்கு அதே முற்றத்தில் நிறுத்திக் கேட்டாலும் வயிற்றில் கையை வைத்து அதையே சொல்லுவேன். பொய் சொல்லத் தெரியாத ஒரு மகன் எனக்கு உயிரோடு இருப்பது அந்தப் பொய்யால்தான்.

அம்மா